உண்ணிப்பூ என்ன நிறம்?

பசறையில் என் மலைக்காய்ச்சல் தணிந்த அன்று கண் விழித்தேன். ஒரே இருட்டு. "விளக்கை ஏத்து புள்ள" என்றேன். என் மனைவி ஜெய்னம்பு, "வாசலெல்லாம் வெயில் அடிக்குதுங்க" என்றாள். அப்போதுதான் பயந்துபோனேன்.

பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் காரணம் சொன்னார். காய்ச்சலுக்குக் குடித்த கொயினா (கசப்பு மருந்து) சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் பார்வை நரம்பை (கண்டதை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பை) வாட்டிவிடுமாம். மருந்தை நிறுத்தியதும் மெல்ல வெளிச்சம் வந்தது, பிறகு உருவங்கள் வந்தன. வளையலுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் தெரிந்தது. தெரிந்ததெல்லாம் சாம்பல்.

"நிறம் வருமாங்க ஐயா?"

"வரலாம். உறுதி சொல்ல மாட்டேன். தினமும் வெளிய போய் எதையாச்சும் உத்துப் பாருங்க."

என் பிழைப்பே நிறம்தான். துணி மூட்டையைச் சுமந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் விற்பவன் நான். கல்யாண வீட்டில் சிவப்பென்று கறுப்பை விரித்தால் அப்புறம் யார் என்னைக் கூப்பிடுவார்கள்?

அது ஆவணி மாதம். கச்சான் என்கிற வறண்ட மேல்காற்றில் புல்மேடு காய்ந்து கிடந்தாலும் பூவுக்குக் குறைவில்லை. ஜெய்னம்பு என் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். எங்கள் இருவருக்கும் ஒரு பூவின் பெயர்கூடத் தெரியாது. போகிறவர் வருகிறவரை எல்லாம் பெயரும் நிறமும் கேட்டுத் தொல்லைப்படுத்தினோம். துணியைத் தொட்டே தரம் சொல்லும் விரல்கள் எனக்கு, அவை உதவின. தண்டு சதுரமாக இருந்தால் தும்பை. விரலில் பிசுபிசுத்தால் நாய்வேளை. இலை சொரசொரத்து, கசக்கினால் காரமாக மணந்தால் உண்ணி. புதிதாக ஒன்று அகப்பட்டுவிட்டால் இருவரும் மேடே அதிரக் கத்துவோம். அத்தனை சந்தோஷம்!

"தும்பை, வெள்ளை! நாய்வேளை, மஞ்சள்!" என்று நான் அடுக்கினேன்.

"நீங்க பாத்துச் சொல்றீங்களா, தெரிஞ்சு சொல்றீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

எனக்கே தெரியவில்லை. மஞ்சள் என்று சொன்னதும் அது மஞ்சளாகத்தான் தோன்றியது.

மறுநாள் ஒரு கொத்தை நீட்டினாள். கசக்கினேன், உண்ணிதான். எங்கள் மேட்டில் உண்ணியென்றால் மஞ்சளும் சிவப்பும். அதைச் சொல்ல வாயைத் திறந்தவன், கொத்தைக் கண்ணருகே கொண்டுபோனேன்.

"என்ன கலருங்க?"

"என்னமோ தப்பா இருக்கே புள்ள. ரோசாக் கலர் சீட்டித்துணி கணக்கால்ல இருக்கு!"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள், பிறகு அழுதாள். அப்படிப் பூக்கிற செடி ஓடைப்பக்கம் ஒன்றுதான் நிற்கிறதாம். எனக்குத் தெரியாமல் தேடிப் பறித்து வந்திருக்கிறாள், கெட்டிக்காரி.

இதே நோயோடு இருட்டில் படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நிறமெல்லாம் எனக்குத் திரும்பி வந்தது, பக்கப் பார்வைதான் திரும்பவில்லை. கழுத்தைத் திருப்பித்தான் எதையும் பார்க்கிறேன். முன்பு மூட்டையோடு லுணுகலைக்கு ஒரே மூச்சில் போய்ச் சேருவேன். இப்போது நின்று நின்று போகிறேன்.

"என்ன நானா, இம்புட்டு நேரமாச்சு?" என்று லயத்துப் பெண்கள் என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்கிறார்கள்.

"வழியெல்லாம் கலரா இருக்கு தாயி. பாக்காம எப்படி வாறது?" என்று மூட்டையை அவிழ்க்கிறேன். சிவப்புச் சேலையை முதலில் எடுத்து விரிக்கிறேன்.