என்னை நீ என்று சொல்லாத சின்னம்மா

தொண்ணூறுகளில், மொன்றியலில் எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, என் பரம எதிரி ஒரு யப்பான்காரி. எங்களோடு இருந்த சின்னம்மா வேலை செய்த டவுன்டவுன் உணவகத்தின் சமையலறையில்தான் அவளும் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லரேயில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் சின்னம்மா எனக்கு மட்டும்தான்.

சின்னம்மாவுக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு. அது போதாதென்று சின்னம்மா அவளிடம் யப்பான் மொழி படிக்கத் தொடங்கினார். வீட்டிலும் அதே பேச்சுத்தான்.

"என்ர கையில இருக்கிறதுக்கு ஒரு சொல், உங்கட கையில இருக்கிறதுக்கு ஒரு சொல். தூரத்தில இருக்கிறதுக்கும் எப்பவோ நடந்ததுக்கும் வேற சொல். எங்கட இது, உது, அது மாதிரித்தான். ஆக்களுக்கும் அப்பிடித்தான். தூரத்து ஆக்களோட மரியாதையாக் கதைக்கவேணும். நெருங்கிட்டால் மரியாதை தேவையில்லை. அவ இப்ப என்னோட மரியாதை இல்லாமத்தான் கதைக்கிறா, தெரியுமே!"

இதைச் சொல்லும்போது அவர் முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது. சின்னம்மா என்னை ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. "வாங்கோ குஞ்சு", "சாப்பிடுங்கோ", "உங்களுக்கு என்ன வேணும்" என்றுதான் எப்போதும். அப்படியென்றால் நான் தூரத்து ஆள். நேற்று வந்தவள் நெருங்கிய ஆள்.

அடுத்த ஞாயிறு இருவரும் குசினிக்குள் சமைத்தபடி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பல்கனியில் கிடந்த பனியை அள்ளி வந்து, வாசலில் இருந்த அவளுடைய சப்பாத்து இரண்டுக்குள்ளும் அமத்தி நிரப்பினேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

புறப்படும்போது காலை விட்டவள் கீச்சிட்டாள். ஓடிவந்த சின்னம்மா சப்பாத்தைப் பார்த்தார். பிறகு சிவந்து நனைந்திருந்த என் கைகளைப் பார்த்தார்.

"நீயே செய்தனி?"

"ஓம்."

"போ உள்ள! என்ர முகத்தில முழியாத!"

நான் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். அவளுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்துவிட்டது. கட்டிலில் விழுந்து, அந்த நீயைச் சின்னம்மாவின் குரலிலேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அன்று சாப்பிடக் கூப்பிட அம்மாதான் வந்தார். சின்னம்மா என்னைத் தூரத்தில் நிறுத்தியது அந்த ஒருநாள்தான் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.