ரெங்கசாமி பேர் போட்ட வில்வண்டி

சென்ற வெள்ளிக்கிழமை என் வீட்டுத் தொழுவத்திலிருந்து இரண்டு மாடுகள் விடுதலையாயின. ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட் உத்தரவுப்படி...

நான் மாடு வளர்க்கிறவன் இல்லை என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும். பேனா பிடிக்கிறவன். பிறகு மாடு எப்படி வந்தது? ஜப்தியில் வந்தது.

மாடுகளும், அவை இழுக்கிற வில்வண்டியும் பக்கத்து வீட்டைச் சேர்ந்தவை. வீட்டுக்காரர் ரெங்கசாமி, ராஜபாளையத்தில் பஞ்சுத் தரகர். பஞ்சு விலை விழுந்த பிறகு தரகு குறைந்து பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே அடுப்பு எரிவது அவர் மனைவி கோதையம்மாளின் சாமர்த்தியத்தில். ஆண்டாள் கோயிலுக்குப் போகிறவர்கள், பிரசவத்துக்கு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள் — எல்லோருக்கும் அந்த வண்டியை ஆள் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். அரிசி, பருப்பு, மகளின் பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான்.

ஆனால் வண்டியின் பின்பக்கம் பச்சை பெயிண்டில் எழுதியிருக்கும் பேர் யாருடையது? ரெங்கசாமியுடையது. கொட்டை எழுத்தில். ஓட்டம் இல்லாத நேரமெல்லாம் வண்டி தெருவில்தான் நிற்க வேண்டும்; பேர் கடைவீதியைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அது அவர் உத்தரவு.

இந்த ரெங்கசாமி ஒரு நண்பரின் கடனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நண்பர் கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டார். கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போய் டிக்ரி வாங்கிவிட்டார். கொழும்பு தூரம். ரெங்கசாமி வீடு பக்கம். ஜப்தி செய்கிற கோர்ட் அமீனா எங்கே வருவார்?

வருவார் என்று தெரிந்ததும் ரெங்கசாமி கொஞ்சமும் அசரவில்லை. காப்பிக் கடையில் யாரோ அவருக்குச் சட்டம் கற்றுக் கொடுத்திருந்தார்கள். அதை என்னிடம் ஒப்பித்தார்.

"அண்ணாச்சி, பொழுது அடைஞ்ச பொறவு அமீனா வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. விடியதுக்கு முந்தியும் கூடாது. பகல்ல வந்தாலும் வாசக் கதவ உடைக்கக் கூடாது. நான் பாட்டுக்கு உள்ள தாழ்ப்பாளப் போட்டுட்டு உக்காந்திருந்தா, அவரு என்ன செய்வாரு?"

அப்படியே செய்தார். அமீனா உச்சி வெயிலில் வந்தார். கதவைத் தட்டினார். பதில் இல்லை. என் வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். செத்த நேரம் நிழலில் நின்றார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

தெருவில் வண்டி. வண்டி மேல் பேர்.

எழுத்துக் கூட்டிப் படித்தார். கையிலிருந்த வாரண்டையும் படித்தார். இரண்டும் ஒரே பேர். மாடுகள் வண்டிச் சக்கரத்திலேயே கட்டப்பட்டிருந்தன... கதவை உடைக்க வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. (கடன்பட்டவரே உள்ளே இருந்துகொண்டு வழிமறித்தால் கதவை உடைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது என்று வக்கீல் பிற்பாடு சொன்னார். காப்பிக் கடைச் சட்டத்தில் அந்த வரி இல்லை போலிருக்கிறது.)

கோதையம்மாள் புறவாசல் வழியாக ஓடி வந்தார். "ஐயா, சாயங்காலம் ஒரு பிள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதாச் சொல்லியிருக்கேன். மாட்ட அவுக்காதிய."

"கோர்ட்டுல சொல்லுங்கம்மா" என்றார் அமீனா. பாவம், அவர் உத்தியோகம் அது. ஜப்தியான பொருளைப் பொறுப்பான ஒருவரிடம் விட்டுவைக்க வேண்டும் என்று என்னைப் பார்த்தார். பொறுப்பானவர் என்றதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சாணி அள்ளும்போதுதான் அது இறங்கியது.

மறுநாள் மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீலிடம் போனோம். பஸ்ஸில்தான். வண்டிதான் இல்லையே.

நல்ல வக்கீல். எடுத்ததும் பீஸ் பேசாமல் சட்டம் பேசினார். கடன்பட்டவனுக்கும் சட்டத்தில் இடம் உண்டு என்றார். உடுத்துகிற துணி, சமைக்கிற பாத்திரம், தாலி இவற்றைத் தொட முடியாது. கைத்தொழில் செய்கிறவனின் கருவியைத் தொட முடியாது. உழவனின் ஏர் மாட்டைத் தொட முடியாது.

"உங்க மாடு உழவு மாடுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்பதற்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

ரெங்கசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "எம் மாடு ஏர்ல பூட்டுத மாடா? எம்புட்டு அழகா வச்சிருக்கேன். நான் என்ன ஏர் ஓட்டுத சம்சாரியா?"

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். சரி, தவணை கேட்டு மனுப் போடலாம் என்றார். ஊரில் மரியாதை போய்விடும் என்றார் ரெங்கசாமி. அப்படியானால் கடனைக் கட்ட வழியில்லை என்று இன்சால்வென்ட் மனு? மஞ்சள் கடுதாசி கொடுப்பதற்குக் கிணற்றில் விழலாம் என்றார். சட்டம் ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது. இவர் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வருகிறார். கதவு சாத்துவதில் அப்படி ஒரு பழக்கம்.

அதுவரை சுவரோரமாக நின்ற கோதையம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"வக்கீலய்யா, வண்டி அவியளுது இல்ல. என்னுது. எங்க அம்மா போட்ட காசுமாலைய வித்து, சேத்தூர் ஆசாரிகிட்ட நான் செய்யச் சொன்னது. மாடும் அதுல வாங்குனதுதான்."

"இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

ரெங்கசாமி மோட்டுவளையைப் பார்த்தார்.

மனைவியின் சீதனம் புருஷன் கடனுக்குப் போகாது; ஏலத்துக்கு முன்னால் உரிமை கோரி மனுப் போட்டால் கோர்ட் விசாரிக்கும் என்றார் வக்கீல். ஆனால் சொல்வது நிஜமாக இருக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் வண்டியோடு சேர்ந்து நாமும் உள்ளே போக வேண்டியதுதான். அப்புறம் ரெங்கசாமியைப் பார்த்துச் சொன்னார்: "நீங்களும் கூண்டுல ஏறி, வண்டி என்னுது இல்லன்னு சொல்லணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றார் மனுஷன். யோசிக்க இதில் என்ன இருக்கிறது? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊர் திரும்பியதும் கோதையம்மாள் என் தொழுவத்துக்கு வந்து மாடுகளுக்குத் தவிடு கரைத்து வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"மக பள்ளிக்கூடம் பெருசா, வண்டி மேல இருக்க பேரு பெருசான்னு அவியளே முடிவு பண்ணட்டும் அண்ணாச்சி" என்றார்.

விசாரணை அன்று ரெங்கசாமி கூண்டேறினார். வண்டி யாருடையது என்று கேட்டார்கள். "வீட்ல... அவ வண்டி" என்று முனகினார். காது கேட்காத முன்சீப்பாக இருந்தால் திரும்பச் சொல்லச் சொல்லியிருப்பார். சேத்தூர் ஆசாரி வந்து, பணம் கொடுத்தது அந்த அம்மாள்தான், ஐயா வந்து பெயிண்ட் கலர் மட்டும் சொன்னார் என்றார்.

எதிர்க்கட்சி வக்கீல் கெட்டிக்காரர். கோதையம்மாளிடம் ஒரே பிடியாகப் பிடித்தார்.

"வண்டி உங்களுதுன்னா, புருஷன் பேரு எதுக்கு அதுல இருக்கு? பேரு யாருதோ பொருளும் அவருதுதானே?"

கோதையம்மாள் தடுமாறவில்லை.

"எம் மகளுக்கும் அவிய பேரத்தான் இனிஷியலாப் போட்டிருக்கு. அதுக்காகப் பெத்தது அவியளா?"

முன்சீப் தலையைக் குனிந்து எதையோ எழுதினார். தோள் மட்டும் குலுங்கிற்று. வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஆர்டர் ஆயிற்று — வண்டியும் மாடும் கோதையம்மாளுடையவை, ஜப்தி ரத்து.

யோசித்துப் பார்த்தேன். பேர் ஒருவருடையது, பாடு ஒருவருடையது என்று நம் தெருவில் எத்தனை வீடு? அமீனா வந்து கேட்கிற வரைக்கும் அதை யாரும் கேட்பதில்லை. என் வீட்டைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை. வீட்டிலும் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள்.

பெயிண்டை அழித்துவிடலாமா என்று ரெங்கசாமியே கேட்டாராம். இருந்துவிட்டுப் போகட்டும் என்றாராம் கோதையம்மாள். ஆக வண்டி மறுபடியும் ஓடுகிறது, பச்சைப் பேரோடு.

நேற்று பஞ்சுக் கடைக்காரர் ஒருவர் ரெங்கசாமி வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். ஒரு சின்னக் கடனுக்கு ஜாமீன் வேண்டுமாம். ரெங்கசாமி பேருக்கு ஊரில் இருக்கிற மதிப்பு வேறு யாருக்கு உண்டு என்றார். ரெங்கசாமியின் கை பழக்கதோஷத்தில் பேனாவைத் தேடியது. உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த கோதையம்மாளின் குரல் மட்டும் வெளியே வந்தது.

"தாராளமாப் போடச் சொல்லுங்க. பேரு அவியளுது. வண்டி என்னுது."

வந்தவர் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.