பட்டம் பொறித்த முத்திரை

எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அது யாருக்கும் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று, வேலைக்குச் சேர்ந்த கையோடு, பெயரும் பி.காம். பட்டமும் வட்டமாகச் சுற்றிவர ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டேன். யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து சொந்தப் பாய்மரப் படகில் வருகிறவர்களுக்கு அனுமதி வாங்கித் தருவதுதான் வேலை. குடியேற்றம், சுங்கம், துறைமுகம் என்று கவுண்டர் கவுண்டராக ஏறி இறங்க வேண்டும். எல்லா இடத்திலும் கட்டணம், எல்லா இடத்திலும் கையெழுத்து.

போன வாரம் அப்படிப் படகில் வந்த ஒரு கணவன் மனைவி, புறப்பட அனுமதி கேட்டு வந்தார்கள். அடுத்த நாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. காற்று இருக்கும்போதே, அன்று மாலைக்குள், கிளம்பியாக வேண்டும்.

துறைமுக அதிகாரி படிவத்தைத் திருப்பித் தள்ளினார்.

"கேப்டன் சீல் எங்க தம்பி?"

"இது சொந்தப் படகு சார். சீல் கீல் எல்லாம் கிடையாது. கையெழுத்து இருக்குல்ல?"

"சீல் இல்லாம வாங்க மாட்டேன்."

சீல்தானே, நம்மிடம் இல்லாததா? பையிலிருந்து எடுத்து ஓங்கிக் குத்தினேன். கேப்டன் என்று போட்ட கட்டத்துக்குள் என் பெயர், பட்டத்தோடு பளிச்சென்று உட்கார்ந்தது. அழகாகத்தான் இருந்தது. அதைக் கணினியில் ஏற்றிவிட்டுத்தான் அதிகாரி நிமிர்ந்தார்.

"அப்ப நீங்கதான் கேப்டனா?"

"ஐயோ, நான் ஏஜெண்ட் ஆபீஸ் சார்! நீச்சல்கூடத் தெரியாது. எங்க ஊர்க் கிணத்துலயே தண்ணி கிடையாது."

"ஏத்தியாச்சே. மாத்தணும்னா எங்க பெரிய ஆபீசர் கையெழுத்து வேணும். அவர் திங்கக்கிழமைதான் வருவார்."

கணவரோடு என் பின்னால் நின்ற அந்த அம்மாவுக்கு மொழி புரியவில்லை. காரியம் கெட்டது மட்டும் புரிந்துவிட்டது. கண் கலங்கிற்று. அதிகாரிக்கும் மனசு கேட்கவில்லை.

"ஒரு வழி இருக்கு. துறைமுக எல்லையைக் காட்டுற மிதவையைத் தாண்டிட்டா, கேப்டன் மாறினதை ரேடியோவுலயே சொல்லலாம். அதுவரைக்கும் நீங்க படகுல இருக்கணும்."

முதலாளிக்குப் போன் போட்டேன். "போய்த் தொலைடா பட்டதாரி! திரும்பக் கூட்டிட்டு வர நம்ம மோட்டார் படகை அனுப்புறேன்."

கிளம்பினோம். நிஜக் கேப்டன் சுக்கானைப் பிடித்தார். நான் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்தேன். மிதவை வருவதற்குள் காலையில் தின்றது, நேற்றுத் தின்றது எல்லாம் கடலுக்குப் போயிற்று.

ரேடியோ கரகரத்தது. "கேப்டன், இருக்கீங்களா?"

"பாதி இருக்கேன் சார்."

"பொறுப்பை மாத்தித் தர்றீங்களா?"

"இப்பவே சார்! அவரே முழுசா எடுத்துக்கட்டும்!"

முதலாளி அனுப்பிய மோட்டார் படகு பக்கத்தில் வந்து ஒட்டியது. பாய் உப்பியது. அந்த அம்மா என்னைக் கைத்தாங்கலாக மோட்டார் படகில் இறக்கிவிட்டு, கையசைக்கக்கூட நிற்காமல், மகள் இருக்கும் திசைக்குத் திரும்பிக்கொண்டார்.