பெயர் கூப்பிடாத சாட்சி

திருவள்ளூர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த முதல் நாளே வராண்டாவிலிருந்து ஒரு குரல் வந்தது பாருங்கள், நான் தூக்கிவாரிப்போட்டு எழுந்ததில் ஒரு பக்கம் முழுக்கப் பாழாகிவிட்டது. ஒன்றுமில்லை, டவாலி முனிரத்தினம் ஒரு சாட்சியை மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுவதுதான் அவர் வேலை. குரல் கடைத்தெரு தாண்டிக் கேட்கும். "நம்ம கூப்ட்டா செவுடனும் எய்ந்து வருவான்மா" என்று அதில் அவருக்குப் பெருமை வேறு.

அந்தக் கோர்ட்டில் பெண் என்று இருந்தது நான் ஒருத்திதான். அதனால் பெண் சாட்சிகள் தண்ணீர் கேட்பது முதல் அழுவது வரை எல்லாம் என் மேஜைப் பக்கம்தான் நடக்கும். எழுபதுகளின் நடுவில், புதிய கிரிமினல் நடைமுறைச் சட்டம் வந்திருந்த சமயம், ஒரு காலையில் அரிசி மில்லில் நெல் காயவைக்கும் பெண் ஒருத்தி வந்து நின்றாள். மில் மேஸ்திரி அவள் கையைப் பிடித்து இழுத்த மானபங்க வழக்கு. புகார் கொடுத்தவளும் அவள்தான், முதல் சாட்சியும் அவள்தான். எங்கள் பாஷையில் பி.டபிள்யூ. ஒன்று.

"பயப்படாதேம்மா. வேடிக்கை பார்க்கிறவங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்த மாஜிஸ்ட்ரேட் ஐயாவுக்குச் சட்டத்துல அதிகாரம் இருக்கு. சாத்தறேன்னு சொல்லியிருக்கார்" என்றேன்.

"உள்ளார சாத்துவாங்கக்கா. வெளிய அந்த ஆளு கத்துவாரே. எங்க ஊரு ஆளுங்க நாலு பேரு வரப்புத் தகராறு கேஸுக்கு வந்து வராண்டாவுல குந்திக்கினு கீறாங்க. எங்க ஊட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். ஊருக்குத் தெரியாது. எம்பேரைக் கத்தினா நான் இப்டியே பஸ்ஸு ஏறிப் போய்க்கினே இருப்பேன்."

அவள் போனால் கேஸும் போச்சு. மேஸ்திரி ஜம்மென்று களத்துக்குத் திரும்புவான். அங்கே இன்னும் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

நேராக மாஜிஸ்ட்ரேட்டிடம் போய், "பேருக்குப் பதிலா சாட்சி நம்பரைக் கூப்பிடலாமா சார்?" என்றேன். "சாட்சி வந்தா சரி, எதையாவது கூப்பிடுங்க" என்றார். முனிரத்தினம்தான் முறுக்கிக்கொண்டார். "நம்பரு கூப்ட இது இன்னா ரேஷன் கடையா?" என்றார். ஒரு நாள் கூப்பிட்டால் தொண்டை கழன்று விழாது என்றேன்.

அவர் கூப்பிட்டார். முழுத் தொண்டையில், மூன்று தரம்: "பி.டபிள்யூ. ஒன்னு."

என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு லிஸ்டில் இருந்த ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு பி.டபிள்யூ. ஒன்று உண்டு. 'நீதான் ஒன்னு, கூப்ட்டா ஓடியாந்துடு' என்று போலீஸ்காரர்கள் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். பதினோரு பேர் எழுந்து உள்ளே வந்தார்கள். சைக்கிளைப் பறிகொடுத்த தபால்காரர், களவுபோய்க் கிடைத்த ஆட்டோடு ஓர் அம்மாள், வரப்புத் தகராறுக்காரர், நடுவில் இவள்.

வரப்புக்காரர் அவளைப் பார்த்துவிட்டார். "நீ எங்கம்மா இங்க? நீயும் ஒன்னா? இன்னா கேஸு?"

அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஆடு" என்றாள்.

"அடப் பாவமே, எப்போ போச்சு?" என்று அவர் உருகிப்போனார். மாஜிஸ்ட்ரேட் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். வராண்டாவுக்குப் போனால் குட்டு உடைந்துவிடுமே என்று நான் ஆட்டுக்கார அம்மாளை ஆட்டோடு ரெக்கார்டு ரூமில் உட்கார வைத்துவிட்டு ஓடி வந்தேன். ஆட்டுக் கேஸைத்தான் முதலில் எடுத்திருக்கிறார்கள் என்று வரப்புக்காரரே வராண்டாவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். கதவைச் சாத்தினோம். அவள் முக்கால் மணி நேரம் சாட்சி சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் என்னென்னவோ திருப்பித் திருப்பிக் கேட்டும் ஒரு வார்த்தை பிசகவில்லை. நான் டைப் அடித்துக்கொண்டே பூரித்துப்போனேன்.

அந்த ஆடு ரெக்கார்டு ரூமில் இரண்டு பழைய கட்டுகளைத் தின்று தீர்த்தது. அதற்கு நான் எழுதிய விளக்கக் கடிதத்தை நினைத்தால் எனக்கே இன்றும் சிரிப்பு வரும். மேஸ்திரி ஜெயிலுக்குப் போனான். அந்தத் தீர்ப்பை அடித்ததும் நான்தான்.

அவள் சாட்சி சொன்ன மறுநாளிலிருந்து அந்த மாதிரி வழக்குகளுக்கு கேஸ் நம்பரையும் சேர்த்துக் கூப்பிடும் பழக்கம் வந்தது. இந்தக் குற்றங்களில் கொடியவற்றுக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடவே கூடாது என்று சட்டம் வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. இப்போது கோர்ட்டு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சட்டத்தைப் படியுங்கள். படித்துவிட்டு ஒரு தரம் வராண்டாவிலும் போய் நின்று பாருங்கள். அவள் பஸ் ஏறிப் போயிருந்தால் அங்கிருந்துதான் போயிருப்பாள்.

முனிரத்தினம் ரிடையர் ஆகிற அன்று காபி குடித்துக்கொண்டே கேட்டார்: "இத்தினி வருஷம் எத்தினியோ பேரைக் கூப்ட்டேன். மொதல்ல நம்பரு போட்டுக் கூப்ட்ட அந்த மில்லு பொண்ணு பேருதான் எனக்குத் தெரியாது. இன்னாம்மா அது?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவரிடமும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.