வெயில் சத்துக் குறைவு

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒண்ணுக்கு நான் மருமகளாப் போனேன். கல்யாணத்துக்கு முன்னாடி நாங்க மாப்பிள்ளை வீடு பாக்கப் போனப்போ, பின்பக்கத்து அறை, காம்பராம்பாங்க, பூட்டிக் கிடந்துச்சு. சாமான் வச்சிருக்கோம்னாங்க. கல்யாணமான மறுநாளே தெரிஞ்சு போச்சு, உள்ள இருந்தது சாமான் இல்ல, என் வீட்டுக்காரரோட அக்கா!

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல. இப்படி ஏமாத்திட்டாங்களேன்னு அழுதேன். நாத்தனாருக்குக் காதுக்குள்ள யாரோ பேசிக்கிட்டே இருப்பாங்களாம். கொழுந்தெடுக்கப் போன இடத்துல ஒருநாள் கூடையை வீசிட்டு ஓடினதுல இருந்து வீட்டுக்குள்ளயேதான். காலையில எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போறப்போ பூட்டினா அந்திக்குத்தான் திறப்பாங்க. காவலுக்கு ஒரு ஆள் நின்னா அன்னைக்குச் சம்பளம் போயிருமே. ஒரு வாளி, ஒரு போத்தல் தண்ணி, அவ்வளவுதான்.

அவங்க முகத்தை வெளிச்சத்துல பாத்ததும் என் ஆத்திரம் திசை மாறிருச்சு. வீட்டுக்காரரோட சண்டை போட்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மனசுல வர்ற நோய்தான், மாத்திரை போட்டா அடங்கும்னாங்க. நிஜமாவே அடங்குச்சு. கொஞ்சங்கொஞ்சமா சிரிக்கவும் செஞ்சாங்க.

பிறகு எலும்பெல்லாம் வலிக்குதுன்னாங்க. ரத்தம் பாத்தா விட்டமின் டி ரொம்பக் குறைவு. டொக்டர் பொறுமையா விளக்கினாரு: "இந்த நோயாளிகள்ல நெறையப் பேருக்கு இது குறைவாத்தான் இருக்கு. அதனாலதான் நோய் வந்துச்சுன்னு யாரும் உறுதியாச் சொல்லல. வெயில் படாம உள்ளேயே அடைஞ்சு கிடந்தாலும் குறையும். இதுக்கும் மருந்து தர்றேன், ஆனா பழைய மாத்திரையை நிப்பாட்டவே கூடாது."

கூட வந்த மாமியார் காதுல ஏறினது பாதிதான். அன்னைக்கே லயத்துல வரிசையா இருக்கிற வீடு பூரா சொல்லியாச்சு: "எம்மகளுக்குப் பைத்தியமில்லீங்க, வெயில் சத்துக் குறைவு!" சின்ன நாத்தனாருக்கு வரன் பாத்துக்கிட்டிருந்த நேரம் அது. பைத்தியம்னா யாரு படியேறுவா? சத்துக் குறைவுன்னா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.

நான் பிரசவத்துக்குத் தலவாக்கலையில அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து, பழைய மாத்திரையை எல்லாம் மாமியார் அடுப்புல போட்டுட்டாங்க. புது மாத்திரையைக் குடுத்து, தினம் காலையில வாசல்ல உக்கார வச்சிருக்காங்க. கைப்பிள்ளையோட நான் திரும்பி வந்தப்போ பின்பக்கக் காம்பராவுல மறுபடியும் பூட்டு. உள்ள இருந்து ஒரே கத்தல்.

ஆஸ்பத்திரியில சேர்த்தோம். தெளிஞ்சு வர ரொம்ப நாளாச்சு. மாமியார் கட்டில் ஓரமா நின்னு அழுதாங்க, "வெயில்ல வச்சேனே தாயி, ஏன் இப்படி ஆச்சு?"

நாத்தனார் அமைதியாக் கேட்டாங்க, "வெயில் இல்லாமப் பண்ணினது யாரும்மா?"



வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு டொக்டர் சொன்ன அன்னைக்குத் துணிமணியை நான் பையில அடுக்கிக்கிட்டிருந்தேன். நாத்தனார் என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டு அவங்க அம்மாவைப் பாத்தாங்க. "தங்கச்சி கல்யாணம் முடிஞ்சிருச்சா?"

"இல்லடி, அடுத்த மாசம்."

"அப்போ முடிஞ்ச பிறகு வர்றேம்மா. இங்கேயே வச்சுக்குவாங்களான்னு கேட்டுப் பாருங்க."

இப்போ அவங்க எங்ககூடத்தான் இருக்காங்க, ரெண்டு மருந்தும் என் கையாலதான் குடுக்கிறேன்; ஆனா அந்த வார்த்தையைக் கேட்டதும் பெத்த தாய் முகத்துல வந்துச்சே ஒரு நிம்மதி, அதை நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.