சாமுண்டீஸ்வரியின் கைராசி

சாமுண்டீஸ்வரி என்று முழுப் பேரையும் எழுதினால் கடைப் பலகையில் வேறு எதற்கும் இடம் இருக்காது. அதனால் 'சாமு நெயில்ஸ்' என்று நறுக்கிவிட்டாள். கடையும் நறுக்கின கடைதான். மேனாம்பேட்டில் ஒரு தையல் கடைக்கும் தண்ணீர் கேன் கடைக்கும் நடுவே ஒரு இடுக்கு. உள்ளே ஒருத்தர் தும்மினால் தெருவில் போகிறவர் முகம் துடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நகம் காய வைக்கும் விளக்கு, சின்னச் சின்னப் பாட்டில்கள். சாமுண்டியும் கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். அவள் எழுந்து ஒதுங்கினால்தான் வந்தவர் உட்கார முடியும்.

அந்த இடுக்கில் உட்கார்ந்துகொண்டு அவள் போட்டது பிரெஞ்சு நகம். பிரான்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆவடிக்கு அந்தப் பக்கம் என்று கை காட்டுவாள். ஆனால் தூரிகையை எடுத்துவிட்டால் பிரான்ஸ்காரனே வரிசையில் நிற்க வேண்டும். பழைய பிரெஞ்சு எல்லாருக்கும் தெரியும்: நகம் முழுக்க இளரோஜா, நுனியில் வெள்ளைப் பட்டை. அது சாமுண்டிக்குப் போதவில்லை. பட்டையை மெலித்து மெலித்துத் தலைமுடி அளவுக்கு ஒரே ஒரு கோடாக்கினாள். அந்தக் கோட்டின் மேல் கொசு உட்கார்ந்தால் ஒற்றைக் காலில்தான் நிற்கலாம். சிலருக்கு வெள்ளையைத் தலைகீழாக்கி நகத்தின் அடியில் பிறை வைத்தாள். சிலருக்கு நுனியை ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்கினாள். வெள்ளை எங்கே முடிந்தது, ரோஜா எங்கே தொடங்கியது என்று போலீஸ் நாயை விட்டுத் தேடினாலும் தெரியாதபடி கரைத்தாள்.

ஆனாலும் கூட்டம் வந்தது கோட்டுக்காக இல்லை. கைராசிக்காக. ரேகா என்று ஒரு பெண்ணுக்கு இரண்டு தரம் கல்யாணம் நின்றுபோயிருந்தது. மூன்றாவது தரம் சாமுண்டி நகம் போட்டாள். கல்யாணமும் நடந்தது, பத்தாம் மாதம் இரட்டைப் பிள்ளையும் பிறந்தது. இரட்டைப் பிள்ளையில் ரேகாவின் புருஷனுக்கும் கொஞ்சம் பங்கு இருக்குமே என்று யாரும் யோசிக்கவில்லை. எல்லாம் சாமுண்டியின் கை என்றார்கள். அதிலிருந்து திருமுல்லைவாயிலிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் அம்மாக்கள் முகூர்த்தம் குறிப்பார்கள், மண்டபம் பிடிப்பார்கள், அடுத்து சாமுண்டியைப் பிடிப்பார்கள். மாப்பிள்ளை அமைவதற்கு முன்பே அவளிடம் தேதி கேட்டு வைத்த அம்மா ஒருத்தி உண்டு.

அந்த ராசியை அவள் கண்ணாடிப் பாத்திரம் போலப் பார்த்துக்கொண்டாள். சாவு வீட்டுக்காரர்கள் யாராவது வந்தால், பதினாறு நாள் கழித்து வாங்க என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவிடுவாள். அவள் புருஷன் ஜெகதீசன் வேலை பார்த்த கம்பெனி மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிறகு அவனுடைய வேலை, மனைவியை வண்டியில் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும்தான். அடுப்பு எரிந்தது அவளுடைய பத்து விரலில்.

போன ஆனியில் ஜெயப்பிரியா வந்தாள். பழைய ஊர்க்காரர் லோகநாதனின் ஒரே மகள். ஒரு காலத்தில் சாமுண்டியின் அம்மா லோகநாதன் வீட்டு நிலத்தில் நாற்று நட்டவள். இப்போது அந்த நிலத்தில் ஆறு மாடிக் கட்டிடம் நிற்கிறது. ஜெயப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம். வாயும் ஓயாது, கையும் ஓயாது. ஒரு விரலுக்குப் பூசுவதற்குள் மற்ற ஒன்பது விரலும் கதை சொல்லும். சாமுண்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து மேசையோடு அழுத்தி வைத்துக்கொண்டுதான் முடித்தாள். போகும்போதே ஆவணிக் கல்யாணத்துக்கு வேண்டியதையும் சொல்லிவிட்டுப் போனாள். நுனியில் தலைமுடிக் கோடு, அடியில் பொன்னில் பிறை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

ஆடியில் நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் ஜெயப்பிரியா இல்லை.

மறுநாள் மத்தியானம் லோகநாதன் கடை வாசலில் வந்து நின்றார். அந்தக் கடைப் பக்கம் அவர் அதுவரைக்கும் வந்ததில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"சாமுண்டி, பொண்ணு ஒன்னாண்ட டிசைன் சொல்லி வச்சிருந்துதாமே."

ஆமாம் என்று தலையாட்டினாள்.

"மூணு மணிக்கு எடுக்கறோம். நெகம் போடாம எடுக்க உட மாட்டேன்னு அவ அம்மா குந்திகினுகீறா. கொஞ்சம் வந்து போட்டு உட்டுடும்மா."

கல்யாணம் ஆகாமல் போன பெண்ணை அங்கே கல்யாணப் பெண்ணாக அலங்காரம் செய்துதான் எடுப்பார்கள். பட்டு, பூ, வளையல் எல்லாம் ஆகிவிட்டது. மீதி இருந்தது நகம்.

ஜெகதீசன் அவளைத் தையல் கடை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"இன்னா சாமு, அப்டியே கெளம்பிடுவ போலக் கீது. பொணத்தத் தொட்ட கையில நாளிக்கு எவ கல்யாணப் பொண்ணக் குடுப்பா? ஆவணி பூரா ஆளு சொல்லி வச்சிருக்காங்க. கைராசி பூட்ச்சின்னா பூவாவுக்கு இன்னா பண்றது?"

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அது ஜெகதீசனைவிட சாமுண்டிக்கு நன்றாகத் தெரியும்.

"நிச்சயத்துக்குப் போட்டது இந்நேரம் வளந்து அடியில வெறும் நெகம் தெரியும்யா. பாதி போட்ட கையோட அனுப்பச் சொல்றியா?"

பையை எடுத்துக்கொண்டாள். லோகநாதன் வண்டியிலேயே போனாள். ஜெகதீசன் கொண்டுபோய் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

ஜெயப்பிரியா ஐஸ் பெட்டிக்குள் சிவப்புப் பட்டோடு படுத்திருந்தாள். மூடியைப் பாதி திறந்தார்கள். சாமுண்டி நினைத்தபடியே எல்லா நகத்திலும் அடியில் ஒரு நெல்மணி அளவுக்கு வெறுமை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப் மாட்டுவதற்கு ஒரு விரலில் மட்டும் பூச்சைச் சுரண்டி வைத்திருந்தார்கள். ஊசி ஏற்றின புறங்கை கறுத்துக் கிடந்தது. இரண்டு கட்டைவிரலையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டை அவிழ்க்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவள் நாகம்மாள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அவிழ்த்தால் மறுபடி ஒரு சாவு என்றாள்.

பழசை அராவி எடுத்தாள். அதற்கு மேல்தான் கஷ்டம். பெட்டியின் குளிரில் நகம் ஒவ்வொன்றும் வேர்த்தது. துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் திரும்ப வேர்த்தது. ஈரத்தில் பூச்சு வழுக்கிக்கொண்டு ஓடியது. பெட்டியை நிறுத்தினால்தான் ஆகும் என்றாள். கூடாது என்று நாலு பேர், நிறுத்தலாம் என்று நாலு பேர். கல்யாணப் பந்தலில் சாம்பாருக்குச் சண்டை போடுகிற மாதிரி எட்டுப் பேரும் கத்திக்கொண்டிருக்க, லோகநாதன் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

விறைத்த கையை விளக்குக்குள் நுழைக்க முடியாது. பேனா போன்ற சின்ன விளக்கைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டபடியே ஒவ்வொரு விரலாகக் காய வைத்தாள். உயிரோடு இருந்தபோது ஐந்து நொடி கையை அசையாமல் வைக்காத பெண், அன்றைக்கு இமைகூட ஆட்டவில்லை. இவ்வளவு அடக்கமான வாடிக்கையாளரை சாமுண்டி அதுவரைக்கும் பார்த்ததில்லை. முக்கால் மணி நேர வேலை இரண்டு மணி நேரம் இழுத்தது. மணி மூன்று தாண்டியது. வெளியே மேளக்காரர்கள் இரண்டாவது தரம் டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

விளக்கு பட்டால் பூச்சு சூடாகும். அதனால் யாருக்குப் போட்டாலும் நடுவில் ஒரு தரம் கேட்பது அவள் பழக்கம். அந்தப் பழக்கத்தில், தலையைத் தூக்காமலே கேட்டுவிட்டாள்.

"சுடுதாம்மா?"

வீடு அப்படியே நின்றுபோனது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். ஜெயப்பிரியாவின் அம்மா தாட்சாயிணி மட்டும் குனிந்து மகள் காதருகே போனாள்.

"அக்கா கேக்குதில்ல. சொல்லேண்டி."

பிறகு அந்த வீட்டில் எழுந்த சத்தத்துக்கு மேளம் தேவைப்படவில்லை. சாமுண்டி கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாமலே கடைசி இரண்டு விரலையும் முடித்தாள். வெள்ளைக் கோடும் பொன் பிறையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அவள் வாழ்நாளில் போட்டதிலேயே சுத்தமான வேலை அதுதான்.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஜெயப்பிரியாவின் சித்தி மகள் காவ்யா போனில் ஒரு படம் எடுத்தாள். முகம் இல்லாமல், கட்டின துணி தெரியாமல், பட்டுப் புடவை மேல் விரல்கள் மட்டும். அன்று ராத்திரிக்குள் அதை வாட்ஸ்அப்பில் வைத்தாள். 'எங்க ஜெயா ஆசைப்பட்ட நகம். சாமு நெயில்ஸ், மேனாம்பேடு' என்று கீழே எழுதினாள். அவள் செய்தது நன்றிக்காக. அதைப் பார்த்தவர்கள் கல்யாணப் பெண்ணின் கை என்று நினைத்தார்கள். படம் கையிலிருந்து கைக்குப் போனது. மறுநாள் சாமுண்டியின் போன் அடித்த அடியில் மேசையை விட்டே குதித்துவிடும் போலிருந்தது. எல்லாருக்கும் அந்த டிசைன்தான் வேண்டும்.

இரண்டு நாள்தான். பிறகு விஷயம் தெரிந்தது. தெரிந்த விஷயத்துக்குக் கையும் காலும் முளைத்தது. சாமுண்டி பிணத்தோடு பேசினாள் என்றார்கள். பிணம் சுடவில்லை என்று பதில் சொன்னது என்றார்கள். நிச்சயத்துக்கு நகம் போட்டதே அவள்தானே, அப்போதே கை கெட்டுவிட்டது என்றும் ஒருத்தி கண்டுபிடித்தாள். சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒருத்தரும் காரணத்தைச் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டில் நகப்பூச்சு பிடிக்காது என்றாள் ஒருத்தி. மகளுக்கு அரிப்பு என்றாள் இன்னொருத்தி. கல்யாணமே தள்ளிப் போய்விட்டது என்றாள் மூன்றாவது ஆள். அவள் வீட்டு வாசலில் அன்றைக்குத்தான் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மீதி இருந்தவள் திருமுல்லைவாயில் யுவராணி ஒருத்திதான். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் காற்றுவாக்கில் எதுவும் போய்ச் சேரவில்லை. அவர்கள் வருகிற அன்று காலையிலேயே ஜெகதீசன் மனைவியிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னான். தெரியாதவர்களுக்குத் தெரியாமலே போகட்டும், இந்த ஒரு கல்யாணம் நல்லபடியாக நடந்துவிட்டால் ஊர் வாய் தானாக மூடிக்கொள்ளும், ரேகா கதையை மறந்துவிட்டாயா என்றான். சாமுண்டி சரி என்றுதான் சொன்னாள்.

யுவராணி உட்கார்ந்ததும் போனை நீட்டினாள். காவ்யா எடுத்த படம்.

"அக்கா, இதே மாரி. அச்சு அசலா இதே."

சாமுண்டி அவள் கையை எடுத்து மேசையில் வைத்தாள். கை வெதுவெதுப்பாக இருந்தது. சுண்டுவிரல் நகத்தை அராவினாள். அடுத்த விரலுக்குப் போகாமல் அரத்தைக் கீழே வைத்தாள்.

"இது யாரு கைன்னு தெரியுமா ஒனக்கு?"

"யாரோ கல்யாணப் பொண்ணு."

"ஆமா. கல்யாணப் பொண்ணுதான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசலில் நின்ற ஜெகதீசன் மூச்சை விட்டான். ஆனால் செத்தவள் தனக்கென்று பார்த்துப் பார்த்துச் சொன்ன நகத்தை, உயிரோடு இருப்பவளுக்குச் சொல்லாமல் மாட்டிவிட அவளால் முடியவில்லை. வேறு டிசைன் போடலாமே என்று சொல்லிப் பார்க்கவும் தோன்றவில்லை. ஜெயப்பிரியாவின் பேர், காய்ச்சல், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் சின்னக் குரலில் சொன்னாள்.

யுவராணியின் அம்மா கத்தவில்லை. மகளின் கையை மேசையிலிருந்து எடுத்துத் தன் முந்தானையால் அந்தச் சுண்டுவிரலைத் துடைத்தாள். இருவரும் செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டே தெருவில் இறங்கினார்கள்.

ஜெகதீசன் உள்ளே வந்து யுவராணி உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சொல்லிட்ட."

"சொல்லிட்டன்யா."

ஆவணி முழுக்கக் கல்யாண மேளம் நாலு பக்கமும் கேட்டது. கடைக்கு ஒரு விரல்கூட வரவில்லை. புரட்டாசியில் இடத்தைத் தண்ணீர் கேன்காரரிடமே விட்டுவிட்டு, தொழிற்பேட்டையில் மருந்தைக் குழாயில் அடைக்கிற கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் உறை மாட்டினால் சாயங்காலம்தான் கையைப் பார்க்க முடியும்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் கம்பெனியில் இருக்கும்போது போன் வந்தது. பாரிவாக்கத்திலிருந்து கோவிந்தராஜ் என்று ஒருத்தர். அவரை அவளுக்குத் தெரியாது. பத்தொன்பது வயசு மகளாம், கல்லூரியில் படித்தாளாம், காலையில்தான் உயிர் போனதாம். மேனாம்பேட்டில் நீங்கள் வந்து போட்டீர்களாமே என்று கேட்டார். சாமுண்டி ஜெகதீசனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஜெகதீசன் வண்டியோடு நின்றிருந்தான். வீட்டிலிருந்து பையையும் எடுத்து வந்திருந்தான்.

அந்த வீட்டில் பெட்டி அருகே உட்கார்ந்திருந்த அம்மா, சாமுண்டியின் பையைப் பார்த்தாள்.

"வெள்ள அதுக்குப் புடிக்காதும்மா. செவப்பா போடு."

சாமுண்டி பையைத் துழாவினாள். ரோஜா இருந்தது, வெள்ளை இருந்தது, பொன் இருந்தது. வாசலுக்கு வந்து ஜெகதீசனைக் கூப்பிட்டுச் சொன்னாள். எந்தச் சிவப்பு, கருஞ்சிவப்பா, குங்குமச் சிவப்பா என்று கேட்டான். அவள் உள்ளே போய் அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். அவன் பூந்தமல்லிக்கு வண்டியைத் திருப்பினான்.