பட்டன் அக்கா

“அழுத்துங்க. யோசிக்காம அழுத்துங்க.”

சாப்பாட்டு மேசையில் பழைய நாள்காட்டித் தாளைக் கவிழ்த்துப் போட்டு, மருந்துப் பெட்டி அட்டையில் வெட்டிய சதுரங்களைப் பட்டன்களாக அதன்மேல் வைத்திருக்கிறார் பட்டன் அக்கா. அவர் கணவர் ஒரு சதுரத்தைத் தொடுகிறார். தொட்ட நொடியில் அக்கா, திரைக்குப் பதிலாக வைத்திருக்கும் சீட்டை உருவிவிட்டு அடுத்த சீட்டை வைக்கிறார். தொடாதவரை வாயே திறப்பதில்லை. “டீ போடட்டுமா?” என்று கணவர் கேட்டால்கூடப் பதில் கிடையாது. அந்த வேளையில் அக்கா மனைவி இல்லை, கம்ப்யூட்டர். “தொடுற வரைக்கும் அது சும்மா இருக்கும். அதுக்குன்னு சொந்தமா ஒரு ஆசையும் கிடையாது. இந்த வீட்ல அப்படி ஒருத்தராவது இருக்கட்டுமே” என்பார் பிறகு.

பெரிய மருத்துவமனையின் சமையலறையில் எந்த நோயாளிக்கு எந்தச் சாப்பாடு என்று பார்த்துச் சொல்வது அக்காவின் வேலை. நான் அங்கேயே சரக்கறையைப் பார்த்துக்கொள்கிறேன். பரிமாறும் மேடைக்கு எதிரே நின்றுகொண்டு, “மூணாம் கட்டில், உப்பில்லாம! நாலு, அரைச்சது!” என்று அவர் போடும் சத்தம் என் அரிசி மூட்டைகளுக்கெல்லாம் மனப்பாடம். குரல் கட்டிப்போன ஒருநாள், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத ஒரு பெண்ணுக்கு வேர்க்கடலை அரைத்துவிட்ட குழம்பு போய்விட்டது. தொண்டை வீங்கி, மூச்சு முட்டி, அந்தப் பெண் எப்படியோ பிழைத்துக்கொண்டாள். யாரும் அக்காவைத் திட்டவில்லை. அதுதான் அவரை அரித்தது. அடுத்த வாரமே, மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் தன் மகள் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பின் முதல் பாடம், கம்ப்யூட்டர் திரையில் ஒரு ஜன்னல், அதில் ஒரு பட்டன். மறுநாள் காலையில் சமையலறையில் ஒருவரையும் வேலை செய்யவிடவில்லை. “நான் அழுத்தினேன். அது ‘வாங்க’ன்னுச்சு. நான் சொல்லிக் குடுத்ததத்தான் சொல்லுதுன்னு தெரியும். ஆனாலும் என்னைய யாரு அப்படி வாங்கன்னு கூப்பிடுறா சொல்லுங்க!” அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் பட்டன் அக்கா. கூப்பிட்டால் கோபப்படுவதில்லை. கூடப் படித்த பிள்ளைகள் பட்டன்களை பட்டன் ஒன்று, பட்டன் இரண்டு என்று விட்டுவிட்டபோதுதான் கோபம் வந்ததாம். “புள்ளைக்குப் பேரே வைக்காம யாராவது பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்களா?” அவருடைய பட்டன்களுக்கு ‘அடுத்தவர்’, ‘நிறுத்து’, ‘முதலிலிருந்து’ என்று ஆளுக்கொரு பெயர் உண்டு.

சமையலறைக்கு அவர் திட்டமிட்ட புரோகிராம் சின்னதுதான். திரையில் கட்டில் எண்ணும் அந்த நோயாளிக்கான சாப்பாடும் தெரியும். பரிமாறுபவர் அதைப் பார்த்துத் தட்டில் போட்டுவிட்டு ‘அடுத்தவர்’ பட்டனை அழுத்த வேண்டும். உடனே அந்தக் கட்டில் எண் அச்சடித்த லேபிள் வெளியே வரும்; திரையில் அடுத்த நோயாளி வருவார். லேபிளைத் தட்டின் மூடியில் ஒட்டினால் வேலை முடிந்தது. கணினியைத் தொடுவதற்கு முன்னால் இதையெல்லாம் வாரக்கணக்கில் காகிதத்திலேயே ஓட்டிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தது எப்போதும் கணவர்தான். அவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். தூசிக்குக்கூட வலிக்காமல் தொடுகிற விரல் அவருக்கு.

மாஸ்டர், அதாவது எங்கள் தலைமைச் சமையல்காரர், பிடிகொடுக்கவே இல்லை. கடைசியில் ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “ஒரு மதியம் தரேன்மா. ஒரே ஒரு வார்டு. சொதப்பிச்சுன்னா பெட்டியக் கட்டிட்டு பழையபடி வாயால சொல்லு.”

அந்த மதியம் அக்கா சாப்பிடவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பரிமாறுபவருக்குப் பின்னால் நின்றார். அந்த மனிதருக்குத் தாளிப்பதிலிருந்து தாழ்ப்பாள் போடுவதுவரை எல்லாமே தடாலடிதான். பட்டனைக் குத்தினார் என்றே சொல்ல வேண்டும். லேபிள்கள் வந்தன, தட்டுகள் மூடப்பட்டன, வண்டியில் ஏறின. மாஸ்டர் ஒருமுறை எட்டிப் பார்த்து, “ம்” என்றார். அந்த ‘ம்’முக்கு அக்காவின் முகம் எப்படி மலர்ந்தது என்று நான் பார்த்தேன். வண்டி லிஃப்டில் ஏறியது. திரையில் ‘எல்லாம் முடிந்தது’ என்று வந்தது.

அச்சு இயந்திரத்தின் வாயில் ஒரு லேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. ஒட்டுவதற்குத் தட்டு இல்லை.

அக்கா அதைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டார். பரிமாறுபவரிடம் மெதுவாகத்தான் கேட்டார்: “நடுவுல எங்கயாவது ரெண்டு தடவை அழுத்தினீங்களா?”

“ஒரு தடவை அசையாம நின்னுடுச்சு. மறுபடி ஒண்ணு வச்சேன், ஓடிடுச்சே?”

“எந்தக் கட்டில்ல?”

“அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?”

அக்காவின் உதடு வெளுத்துவிட்டது. எனக்கு விஷயம் பிறகுதான் புரிந்தது. லேபிள் அச்சாகி முடியும்வரை அவருடைய புரோகிராம் வேறெதையும் கவனிக்காது. ஆனால் அந்த நேரத்தில் விழுந்த அழுத்தலை மறக்கவும் மறக்காது. பத்திரமாக வைத்திருந்து, கை ஒழிந்ததும் அதையும் செய்துவிடும். அப்படித்தான் தட்டே போடாத ஒருவருக்கும் லேபிள் வந்து, திரை ஒருவரைத் தாண்டிப் போய்விட்டது. அந்த லேபிள் அடுத்த தட்டில் ஒட்டப்பட, அந்த இடத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் போனது பக்கத்துக் கட்டில்காரருடைய தட்டு. காகிதத்தில் அக்கா நொடியில் பதில் சொல்லிவிடுவார், கணவரும் பொறுமைசாலி. இரண்டாவது முறை அழுத்த அங்கே யாருக்கும் தோன்றவே இல்லை.

“பன்னெண்டாம் கட்டிலுக்கு வேர்க்கடலை ஆகாது. பதிமூணு எல்லாம் சாப்பிடுவாரு” என்றார் அக்கா. குழம்பில் அன்றைக்கும் வேர்க்கடலை. “மாஸ்டர், வார்டுக்கு போன் போடுங்க. எடுக்கற வரைக்கும் விடாதீங்க.” மாஸ்டருக்கு யாரும் அப்படி உத்தரவு போட்டு நான் பார்த்ததில்லை. அவரும் மறுபேச்சில்லாமல் போனை எடுத்தார்.

லிஃப்ட் மேலேயே நின்றிருந்தது. அக்கா படியேறி ஓடினார், நான் பின்னால். முட்டிவலிக்காரர், இரண்டிரண்டு படியாகத் தாவினார். போன் மணி மேலே அடித்துக்கொண்டே இருப்பது படிக்கட்டில் கேட்டது. ஒருவரும் எடுக்கவில்லை, எல்லோரும் தட்டு கொடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். வார்டு வாசலில் நின்று அக்கா, “யாரும் சாப்பிடாதீங்க!” என்று கத்தினார். இத்தனை வருடம் சமையலறையையே அதிரவைத்த குரல், மூச்சிரைப்பில் பாதிதான் வந்தது. இரண்டு பேர் நிமிர்ந்தார்கள். பன்னிரண்டாம் கட்டில்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து முடித்து, முதல் உருண்டையை எடுத்திருந்தார்.

அக்கா ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். இன்னொரு கையைத் தட்டில் அப்படியே கவிழ்த்து அழுத்திக்கொண்டார். குழம்பிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

“என்னம்மா பண்றீங்க? பைத்தியமா?” என்று அந்த மனிதரின் மனைவி எழுந்துவிட்டார்.

“உங்களுது இல்லீங்க இது. வாயில வச்சீங்களா?”

“இல்லயே” என்றார் அவர். உருண்டை இன்னும் விரல்களில்தான் இருந்தது.

அக்கா மணிக்கட்டை விட்டார். செவிலியர் ஓடிவந்து மற்ற தட்டுகளை வாங்கி வைக்க ஆரம்பித்தார். மூடியிலிருந்த எண்ணையும் குழம்பையும் மாறி மாறிப் பார்த்த அந்த நோயாளியின் மனைவிக்கு மெல்ல விளங்கியது. “இவருக்கு ஆகாதுன்னு எழுதித்தானே குடுத்தோம்? யாரு அனுப்பினது இத? யாரு?”

அதற்குள் மாஸ்டரும் வந்துவிட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவின் கையைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்மணியை. “மெஷின்மா. இன்னிக்குத்தான் புதுசா வச்ச மெஷின். அதுதான் கோளாறு பண்ணிடுச்சு” என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவே இல்லை. அங்கிருந்த எல்லோருக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது. மெஷினை யார் போய்த் திட்டுவது?

அக்கா தட்டிலிருந்து கையை எடுத்தார். அந்தப் பெண்மணியைப் பார்த்தபடி, வகுப்பில் பெயர் கூப்பிடும்போது தூக்குவதைப் போல நேராக மேலே தூக்கினார். குழம்பு முழங்கை வரை வழிந்தது.